சுவருக்கு அந்தப் பக்கம் ஓடும் நரம்பு

மார்ச் 3
சிறுநீரகத் தமனியைச் சுற்றிப் படர்ந்திருக்கும் பரிவு நரம்புகளை (இரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும் தன்னியக்க நரம்புகள்) கத்தீட்டர் என்ற மெல்லிய குழாய் வழியே சுட்டுவிட்டால், மாத்திரைக்கு அடங்காத இரத்தக் கொதிப்பு இறங்கும் என்பது சிகிச்சை. எனக்குக் கிடைத்திருப்பது சுடும் வேலை இல்லை. அந்த நரம்பு பேசுவதை உள்ளிருந்து கேட்கும் எலெக்ட்ரோடு வேலை.

மார்ச் 5
இந்தச் சிகிச்சையைச் சோதித்து 2014-இல் வந்த சிம்ப்ளிசிட்டி எச்டிஎன்-3 ஆய்வைத் திரும்பப் படித்தேன். 535 பேர். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், நரம்பு சுடப்பட்டவர்களுக்கு மேல் அழுத்தம் சுமார் 14 புள்ளி இறங்கியிருந்தது. சுட்டதுபோல் பாவனை மட்டும் செய்யப்பட்டவர்களுக்கும் சுமார் 12 இறங்கியிருந்தது. சிகிச்சையே வீணா, நரம்பு சரியாகச் சுடப்படவில்லையா? யாராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை. இதயத் துடிப்புக் கோளாறுக்குச் சுடும் டாக்டருக்குத் திரையில் சிக்னல் மறைவது தெரியும். இங்கே அப்படி எதுவும் இல்லை. 2023 நவம்பரில் இந்தச் சிகிச்சைக்கான இரண்டு கருவிகளுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, அது வேறு விஷயம். சிகிச்சை மேஜையிலேயே நரம்பு போயிற்றா என்று பார்க்கும் வழி இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை.

மார்ச் 9
கறிக்கடையில் ஆட்டுக் குண்டிக்காயைக் குழாயோடு சேர்த்துக் கேட்டேன். "அதை வச்சு என்ன சார் பண்ணுவீங்க?" என்றார் கடைக்காரர், ஆனாலும் கொழுப்பை நீக்காமல் அறுத்துக் கொடுத்தார். அந்தக் கொழுப்புக்குள்தான் விஷயம். லென்ஸ் வைத்துப் பார்த்தால் தமனியின் வெளி உறையை ஒட்டி வெள்ளை இழைகள். சில ஒட்டி, சில தள்ளி. இந்தத் தூரம்தான் தலைவலி.

மார்ச் 10
தமனிக்கு வெளியே மெல்லிய கம்பி வழியாகச் சிறு சிக்னல் கொடுத்து, உள்ளே எலெக்ட்ரோடு வைத்து, சலைனில் மூழ்கடித்தேன். முதலில் வந்தது 50 ஹெர்ட்ஸ் கரண்ட் இரைச்சல். ஃபேன் ரெகுலேட்டரை அணைத்ததும் பாதி ஒழிந்தது. எலெக்ட்ரோடு சுவரைத் தொட்டால் சிக்னல் தெரிகிறது, மயிரிழை விலகினால் போச்சு. உப்பு நீர் எல்லாவற்றையும் கரைத்துவிடுகிறது. இரத்தமும் அதையேதான் செய்யும். பக்கத்து வீட்டுப் பேச்சைக் கேட்கச் சுவரில் காதை ஒட்டவைப்பதுபோல்தான். மார்பில் எடுக்கும் ஈசிஜி மில்லிவோல்ட் கணக்கு, இது மைக்ரோவோல்ட்.

மார்ச் 14
மாற்று வழி ஒன்று உண்டு: கேட்காமல் சீண்டுவது. தமனிக்குள்ளிருந்து சிறு மின்தூண்டல் கொடுத்து, பிரஷர் ஏறும் இடத்தை மட்டும் சுடுகிறார்கள்; சீனாவில் ஆய்வே நடந்திருக்கிறது. கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் பிரஷர் ஏறுவது நரம்பின் விளைவு, நரம்பே அல்ல. மயக்க மருந்தும் அதைக் குழப்பும்.

மார்ச் 16
1960-களில் சுவீடனின் உப்சாலாவில் ஹாக்பார்த், வால்போ என்ற இரண்டு ஆய்வாளர்கள் மனித நரம்பில் நேரே ஊசி செருகிக் கேட்டார்கள். 700 முதல் 2000 ஹெர்ட்ஸ் வரை வடிகட்டினால் பரிவு நரம்பின் சிக்னல் கொத்துக்கொத்தாக இதயத் துடிப்போடு ஒட்டி வருவது தெரியும். சரி, நானும் ஈசிஜியைச் சேர்த்துப் பதியப்போகிறேன். துடிப்போடு பொருந்தாத எதையும் நரம்பு என்று நம்புவதாக இல்லை. ஒரு சிக்கல்: தமனியும் அதே துடிப்பில் விரிந்து எலெக்ட்ரோடை அசைக்கும். அந்த அசைவு மெதுவானது, வடிகட்டியில் அடிபட வேண்டும். நாளை ஒரு சிறு பம்பை இணைத்துக் குழாயைத் துடிக்கவைத்துப் பார்க்கிறேன்.