முள்கரண்டிக் கோடுகள்

"கறி ஆறட்டும். சூட்டோடு கிழங்கைப் பரப்பினால் உள்ளே இறங்கிவிடும்" என்று என் கையைப் பிடித்து நிறுத்தினார் பக்கத்து வீட்டுப் பாட்டி.

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் இன்று நல்ல மழை. அவர் சமையலறையில் ஷெப்பர்ட்ஸ் பை செய்தோம்; ஆட்டுக்கறிமேல் மசித்த உருளைக்கிழங்கைப் பரப்பி ஓவனில் சுடும் பண்டம்.

நேற்று, ஞாயிறு விருந்தில் மிஞ்சிய ஆட்டுக்கறி. பொடியாக நறுக்கி, வெங்காயம், கேரட்டோடு வதக்கி, குழம்பு சுண்டும்வரை வைத்தோம். மாட்டுக்கறி போட்டால் அது காட்டேஜ் பை. இந்த விஷயத்தில் பாட்டி விட்டுக்கொடுக்கவே மாட்டார். இரண்டில் காட்டேஜ் பை என்ற பெயர்தான் மூத்தது. 1791-லேயே எழுத்தில் இருக்கிறது.

அப்புறம் வெண்ணெய் போட்டு மசித்த கிழங்கைப் பரப்பி, முள்கரண்டியால் உழுத வயல் மாதிரி கோடு இழுத்தார்.

அந்தக் கோடுகள் அழகுக்காக என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். மேடெல்லாம் சிவந்து மொறுமொறுக்கும், பள்ளம் மெத்தென்றே இருக்கும். ஓவனில் 200 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம். ஓரத்தில் குழம்பு கொப்புளித்ததும் எடுத்தார்.

ஒருவருக்கே போதாத கறி, நான்கு தட்டுக்கு வந்தது.

துணி துவைக்கும் திங்கட்கிழமைகளில் அவர் அம்மா இதைத்தான் செய்வாராம். மிச்சம் என்றே பிள்ளைகளுக்குத் தெரியாதாம். எத்தனை அம்மாக்களின் கை இப்படி வீட்டைத் தாங்கியிருக்கும்!

நன்றாகச் சிவந்த மூலைத் துண்டை எனக்குத்தான் வைத்தார்.