பற்று எழுதிய பக்கம்

அறுபதாம் ஆண்டு மலர் அச்சாகி வந்து எட்டு மாதம் ஆகிறது. நாற்பது பிரதிகள் இன்னும் அலுவலக முகப்பில் கட்டுப் பிரிக்காமல் கிடக்கின்றன. காலையில் கதவைத் திறக்கும்போதெல்லாம், மலரில் பெயர் போடாததற்குப் பாதுகாப்பு என்று நான் காரணம் சொன்னதும் டீச்சரம்மா கேட்டதுதான் காதில் விழுகிறது.

"ஆருக்குத் தம்பி பாதுகாப்பு? எனக்கோ, உங்களுக்கோ?"

"உங்களுக்குத்தாம்மா" என்றேன். கொஞ்சமும் யோசிக்காமல் வந்த பதில்.

மலருக்காக எங்கள் அறக்கட்டளையின் வரலாற்றை எழுதும் வேலை என்னிடம் வந்தது. பழைய பேரேடுகளில் ஆரம்பித்தேன். 1964-இல் பர்மாவில் கடைகளை அரசுடைமை ஆக்கியதும் வெறுங்கையோடு கப்பலில் வந்து இறங்கியவர்களுக்கு, அங்கே முன்பு வட்டிக்கடை நடத்திய ஒரு நகரத்தார் குடும்பம் தன் வீட்டின் இரண்டாம் கட்டைத் திறந்துவிட்டது. ஆரம்பம் அதுதான். யாருக்குத் தையல் மெஷின், யாருக்குப் பாத்திரம், எல்லாம் பேரோடு ஊரோடு பற்று எழுதியிருக்கிறது. அதே வருஷம் அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம். இலங்கையிலிருந்து 5,25,000 மலையகத் தமிழர்களை ஏற்க இந்தியா ஒப்புக்கொண்டது. அவர்களில் இந்தப் பக்கம் வந்த சிலரின் பெயர்கள் அடுத்த பேரேடுகளில். அப்புறம் 1983, 1990 என்று இலங்கையில் கலவரத்துக்கும் போருக்கும் தப்பி வந்தவர்கள்.

டீச்சரம்மா 1990-இல் மன்னாரிலிருந்து படகில் வந்தவர். மண்டபம் அகதி முகாமில் சில வாரம், பிறகு எங்கள் பக்கத்து முகாம். பதினேழு வருஷமாக முகாம் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கிறார், சம்பளம் இல்லாமல். பழுப்புத்தாள் அட்டை போட்ட வருகைப் பதிவு நோட்டுகளை அடுக்கி வைத்திருக்கிறார். இன்ஜினியரிங் படித்துவிட்டுப் பெயின்ட் அடிக்கப் போகிற பையன்களின் பெயர்களும் அவற்றில் இருக்கின்றன. எங்கள் பேரேட்டில் அவர் பெயருக்கு நேரே இருப்பது இவ்வளவுதான்: தார்ப்பாய் 1, மூக்குக்கண்ணாடி 1.

அவரைப் பற்றி முழுப் பக்கம் எழுதினேன், பெயர் போட்டு.

செயலர் அண்ணன் படித்துவிட்டு, "பேரை எடுத்துரு தம்பி. மகளோட எக்ஸிட் பேப்பர் போயிருக்கு. கியூ பிராஞ்ச் கண்ணுல ஏன் படணும்?" என்றார். எக்ஸிட் என்பது நாட்டை விட்டுப் போக அரசு தரும் அனுமதி; கியூ பிராஞ்ச் முகாம்களைக் கண்காணிக்கும் போலீஸ் பிரிவு. எனக்கும் சரி என்று பட்டது. இப்போதும் அந்தக் காரணம் பொய்யில்லை என்றே நினைக்கிறேன். நம் நாட்டில் அகதிகளுக்கென்று சட்டம் கிடையாது. 2021-இல் அகதிகள் முகாமை மறுவாழ்வு முகாம் என்று அரசு பெயர் மாற்றியது, ஆனால் உள்ளே இருப்பவர்கள் அப்போதும் மத்திய அரசின் காகிதத்தில் சட்டவிரோதக் குடியேறிகளாகத்தான் இருந்தார்கள். 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கும்படி உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2022-இல் உத்தரவிட்டது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர் என்பதால் கிடைத்தது அது. டீச்சரம்மாவின் மகள் பிறந்தது சிவகங்கை அரசு மருத்துவமனையில், 1992-இல். அந்தப் பெண் கனடாவில் இருக்கும் கணவனிடம் போய்ச் சேர ஒரு கையெழுத்துக்குக் காத்திருக்கும்போது, நான் ஒரு மலருக்காக வம்பை விலைக்கு வாங்கலாமா?

ஆனால் அதே மாதம் எங்களுக்கு முகாமுக்குள் போய்வரும் அனுமதியும் புதுப்பிக்க வேண்டியிருந்தது. மாலை வகுப்பு எங்கள் பெயரில்தான் அனுமதி வாங்கி நடக்கிறது. முகாம்வாசி ஒருவரே அதை நடத்துகிறார் என்று அச்சில் வந்தால் கேள்வி வரும். இதை அண்ணனும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இருவருக்கும் தெரியும்.

அனுமதி போயிருந்தால் வகுப்பே நின்றிருக்கும், நஷ்டம் பிள்ளைகளுக்குத்தான். இப்படிச் சொல்லிக்கொண்டால் மனசு கொஞ்சம் ஆறுகிறது. பிறகு, அதை ஏன் அவரிடமே சொல்லிக் கேட்கவில்லை என்று தோன்றுகிறது. கேட்டிருந்தால் "எடுத்துவிடுங்கோ" என்று அவரே சொல்லியிருக்கக்கூடும். அச்சான மலரைக் கொண்டுபோய்க் கொடுத்தபோதுதான் விஷயமே அவருக்குத் தெரிந்தது. பர்மாவிலிருந்து வந்தவர்களின் பெயர்கள் இரண்டு பக்கத்துக்கு வரிசையாக இருப்பதை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அப்படிக் கேட்டார். வகுப்புப் புகைப்படத்தின் ஓரத்தில் சாக்பீஸ் பிடித்த கை மட்டும் தெரிகிறது. அதை வெட்டச் சொன்னது நான்தான்.

மகளுக்கு எக்ஸிட் கிடைத்துவிட்டது, போய்விட்டாள். பெயர் வந்திருந்தாலும் கிடைத்திருக்கும் என்கிறார் முகாமில் ஒருவர். அண்ணன் அதை ஒப்புக்கொள்வதில்லை.

போன வாரம் சாக்பீஸ் பெட்டி வாங்க டீச்சரம்மா வந்திருந்தார். மலரைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. பற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அவர் போன பிறகு கணக்குப்பிள்ளையிடம், எதிர்ப்பக்கத்தில் வரவாக அவர் பெயரை எழுதி, "மாலை வகுப்பு, 17 வருஷம்" என்று போடச் சொன்னேன். தொகை என்ன போடுவது என்று கேட்டார். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். இன்னும் சொல்லவில்லை.