பெரிய பார்க்கா, சின்ன பார்க்கா?

விடுமுறையில் ஒரு நாள் எல்லோரும் வாட்டர் பார்க் போகலாம் என்று பேச்சு எடுத்ததுமே வீடு இரண்டு கட்சியாகிவிட்டது. 12 வயது மகனுக்குப் பெரிய பார்க்தான் வேண்டும். காரில் மூன்று மணி நேரம். அண்ணாந்து பார்க்க வைக்கும் கோபுரங்கள், நெட்டுக்குத்தாக இறங்கும் ஸ்லைடுகள். நான் சின்ன பார்க் கட்சி. பாதி நேரத்தில் போய்விடலாம், ஸ்லைடுகள் குறைவு, ஆனால் வேவ் பூலும் (செயற்கை அலை அடிக்கும் குளம்) லேசி ரிவரும் (டியூபில் மிதந்தபடி மெதுவாகச் சுற்றிவரும் கால்வாய்) நன்றாக இருக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். மகளுக்கு 6 வயது, தண்ணீர் எங்கே இருந்தாலும் சந்தோஷம். என் அம்மாவுக்கு முட்டி வலி. "நான் நிழலா ஒரு இடம் பாத்து உக்காந்துக்கறேன், நீங்க எங்க வேணா போங்க" என்றார்.

எனக்கு மனதில் ஓடிக்கொண்டிருந்தது போன வருடம் வேறொரு பூங்காவில் நடந்தது. ஒரு ஸ்லைடுக்காகப் படிக்கட்டு வரிசையில் நாற்பது நிமிடம் நின்று உச்சிக்குப் போனோம். அங்கேதான் அளவுகோல் இருந்தது. 120 சென்டிமீட்டர் உயரம் வேண்டும் என்றார்கள். மகள் அந்தக் கோட்டுக்கு நன்றாகவே கீழே நின்றாள். அவள் அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, ஏறி வருகிறவர்களுக்கு வழிவிட்டு, அத்தனை படியும் இறங்கி வந்தாள். கீழே வந்த பிறகுதான் "நான் எப்பம்மா வளருவேன்?" என்று கேட்டாள். அந்த வரிசையின் தொடக்கத்திலேயே அளவுகோலை வைத்திருந்தால் ஒரு குழந்தைக்கு அந்த இறக்கம் மிச்சமாகியிருக்கும்.

அதனால் இந்த முறை டிக்கெட் பார்ப்பதற்கு முன் அவளைக் கதவு நிலையில் சாய்த்து நிறுத்தி, பென்சிலால் கோடு போட்டு அளந்தேன். 116. அப்புறம் இரண்டு பூங்காக்களின் உயர அட்டவணையையும் எடுத்துவைத்து மகனையே வாசிக்கச் சொன்னேன். பெரிய பார்க்கில் அவன் ஆசைப்பட்ட ஸ்லைடுகள் எல்லாமே 120. தங்கைக்கு மிஞ்சியது முழங்கால் ஆழக் குளம் மட்டும். சின்ன பார்க்கில் லைஃப் ஜாக்கெட் போட்டுப் பெரியவர் கூட இருந்தால் வேவ் பூல், லேசி ரிவர் இரண்டிலும் அவள் இறங்கலாம். நாலு பேர் ஒரு காற்றடைத்த மிதவையில் (ராஃப்ட்) உட்கார்ந்து இறங்கும் ராஃப்ட் ஸ்லைடு ஒன்றும் உண்டு. அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி, அங்கயே போகலாம்" என்றான். அந்த "சரி" அவனுக்குச் சுலபமாக வரவில்லை என்று எனக்குத் தெரியும்.

உயர விதியில் எனக்குக் கோபம் கிடையாது. ஸ்லைடில் இறங்கும்போது கையை மார்பில் கட்டி, காலைப் பின்னி, உடம்பை நேராக வைத்திருக்க வேண்டும். சின்னக் குழந்தைக்கு அது முடியாது. பொதுவாக எடை கூடியவர் வேகமாக இறங்குவார். எடை குறைந்த குழந்தை நடுவில் தங்கிவிட்டால் பின்னால் வருபவர் வந்து மோதிவிடுவார். இறங்கும் குளத்தின் ஆழமும் ஒரு காரணம். ராஃப்டில் எல்லோரையும் சேர்த்து எடை பார்ப்பதும் வேகம் எல்லை மீறாமல் இருக்கத்தான்.

சின்ன பார்க்குக்குப் போன் செய்து நான் கேட்டது இரண்டே கேள்வி. குழந்தை அளவு லைஃப் ஜாக்கெட் உண்டா? வேவ் பூலில் எத்தனை லைஃப்கார்டு, அதாவது மூழ்குகிறவரைக் காப்பாற்றும் காவலர்? நீரில் மூழ்குகிறவர் பல நேரம் கத்த மாட்டார், கையசைக்க மாட்டார். பெரும்பாலும் சத்தமே இருக்காது. பயிற்சி பெற்ற லைஃப்கார்டு 10 விநாடிக்குள் ஆபத்தைக் கவனித்து, அடுத்த 20 விநாடிக்குள் ஆளிடம் போய்ச் சேர வேண்டும் என்பது அந்தத் தொழிலில் உள்ள கணக்கு. அப்படிப்பட்டவர்கள் இருந்தாலும் குழந்தை என் கை எட்டும் தூரத்தில்தான் இருக்க வேண்டும். கையில் மாட்டும் காற்றுப் பட்டையை நான் நம்புவதில்லை, அது விளையாட்டுச் சாமான்.

காலையில் கதவு திறக்கும்போதே போய்விட்டோம். உள்ளே நுழைந்ததும் மூக்கைச் சுருக்கிப் பார்த்தேன். குப்பென்று குளோரின் நெடி அடித்தால் தண்ணீர் சுத்தம் என்று பலர் நினைக்கிறார்கள். வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு கலந்தால் உண்டாகும் குளோரமின்தான் அந்த நெடிக்கும் கண் எரிச்சலுக்கும் காரணம். இங்கே நெடி இல்லை, அடித்தரை ஓடு வரைக்கும் தெளிவாகத் தெரிந்தது. எல்லோரும் ஷவரில் நன்றாகக் குளித்துவிட்டுத்தான் இறங்கினோம்.

வேவ் பூலில் மணி அடித்ததும் மகள் என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். சுவருக்குப் பின்னால் உள்ள அறைகளில் காற்றை விட்டு விட்டு அழுத்தினால் தண்ணீர் அலையாகக் கிளம்பும் என்று அவள் அண்ணன் விளக்கிக்கொண்டிருக்கும்போதே முதல் அலை வந்து இருவரையும் தூக்கியது. அடுத்த அலைக்கு அவள் கட்டிக்கொள்ளவில்லை. ஜாக்கெட்டின் தோள்பட்டையை மட்டும் நான் பிடித்திருந்தேன்.

மதியம் அம்மாவை லேசி ரிவருக்குக் கூப்பிட்டேன். முதலில் மறுத்தார். படியில் கைப்பிடி இருக்கிறது, தண்ணீர் இடுப்பளவுதான் என்று காட்டிய பிறகு மெதுவாக இறங்கி, டியூபில் உட்கார்ந்து சாய்ந்துகொண்டார். ஒரு சுற்று முடிந்து படிக்கருகில் வந்தபோது கையை நீட்டினேன். "இன்னொரு தடவ போயிட்டு வரேன்டி" என்று சொல்லிக்கொண்டே கடந்து போனார். அவரை அப்படி நான் பார்த்துப் பல வருடம் ஆகிறது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மகனுக்கு இருந்தது ஒரே ஒரு உயர ஸ்லைடு. வரிசை சின்னதாக இருந்ததால் மறுபடி மறுபடி ஏறினான். பெரிய பார்க்கில் அவனுக்கு இதைவிட நல்ல நாள் கிடைத்திருக்கும், அதை மறைக்க மாட்டேன். ராஃப்ட் ஸ்லைடில் மட்டும் தங்கையைப் பக்கத்தில் உட்கார வைத்து, கைப்பிடியை எப்படிப் பிடிப்பது என்று சொல்லிக்கொடுத்து அவனே கூட்டிப்போனான்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை சன்ஸ்கிரீன் பூசினோம். மேகம் மூடியிருந்தாலும் புற ஊதாக் கதிர் வரத்தான் செய்யும். பல பூங்காக்களில் பருத்தி உடையை ஸ்லைடில் விட மாட்டார்கள், நைலான் உடை கொண்டுபோங்கள்.

திரும்பும்போது பாட்டியும் பேத்தியும் காரில் தூங்கிவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் மகன் நேராகக் கதவு நிலைக்குப் போனான். பென்சிலை எடுத்து, நான் போட்ட கோட்டுக்கு மேல் நாலு சென்டிமீட்டர் அளந்து இன்னொரு கோடு போட்டான். பக்கத்தில் 'பெரிய பார்க்' என்று எழுதிவைத்தான்.