மூன்று நாள் தொங்கிய பிட்காயின்

2024 ஏப்ரல் 19 இரவு நண்பனுக்கு 15,00,000 சடோஷி அனுப்பினேன். ஒரு பிட்காயினைப் பத்துக் கோடியாகப் பிரித்தால் ஒரு பங்கு சடோஷி. விடிந்தால் 8,40,000ஆவது பிளாக், அதாவது பரிவர்த்தனைகளைத் தொகுத்துப் பதியும் கட்டு. பிளாக்குகளை உருவாக்கும் 'சுரங்கம் தோண்டுவோரின்' வெகுமதி 6.25 பிட்காயினிலிருந்து 3.125 ஆகும் நாள். பிட்காயினின் மேலேயே உருவாக்கப்படும் ரூன்ஸ் என்ற டோக்கன்களும் அதே பிளாக்கில் தொடங்கவே, பிளாக்கில் இடத்துக்கு அடிதடி. பைட்டுக்கு 20 சடோஷி மட்டும் கட்டணம் வைத்த என்னை யார் சீந்துவார்கள்?

காலையில் பரிவர்த்தனையின் விவரப் பக்கத்தைத் திறந்தவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. முன்பின் பார்க்காத முகவரி ஒன்றுக்கு 8,82,200 சடோஷி போவதாகக் காட்டியது. திருட்டு என்றே நினைத்தேன். அரைமணி நேரம் கழித்துத்தான் புரிந்தது: அது என் வாலட் செயலியே உருவாக்கிய, மீதி வாங்கும் முகவரி.

வாலட் காட்டும் 'இருப்பு' வெறும் கூட்டுத்தொகை. உள்ளே இருந்தவை, அவ்வப்போது எனக்கு வந்த 12 தனித்தனித் தொகைகள். பழைய நகைகளை உருக்கிப் புதிது செய்வது போலத்தான் பரிவர்த்தனை. பன்னிரண்டும் முழுதாக உருகுகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனிக் கையொப்பம். மொத்தம் 24,00,000. அதிலிருந்து நண்பனுக்கு ஒன்று, எனக்கு மீதி ஒன்று. கூட்டிப் பார்த்தால் 17,800 குறையும். அதுதான் சேதாரம், அதாவது கட்டணம். நகைக்கடை ரசீதிலாவது சேதாரத்தை எழுதுவார்கள். இங்கே கட்டணத்துக்கென்று ஒரு வரிகூடக் கிடையாது, கழித்துத்தான் அறிய வேண்டும். தொகை எவ்வளவு என்பதல்ல, பரிவர்த்தனையின் நீளமே கட்டணத்தைத் தீர்மானிக்கிறது. கையொப்பப் பகுதியைக் குறைத்து எண்ணும் செக்விட் கணக்கில் என்னுடையது சுமார் 890 பைட்டு.

நல்லவேளையாக, உள்ளீடுகளில், அதாவது உருக்கக் கொடுத்த அந்தப் பன்னிரண்டிலும், 'வரிசை எண்' என்ற இடத்தில் 4294967293 என்றிருந்தது. 'பிளாக்கில் ஏறும்முன் இதை மாற்றிக்கொள்ளலாம்' என்பதற்கான அடையாளம் அது. மூன்றாம் நாள் நெரிசல் தணிந்ததும், அதே பன்னிரண்டையும் பைட்டுக்கு 40 சடோஷி வீதம் மறுபடி கையொப்பமிட்டு அனுப்பினேன். கூடுதல் 17,800 என் மீதியிலிருந்து போனது. சற்று நேரத்தில் பிளாக்கில் ஏறிவிட்டது.

நண்பன் மட்டும் "நீ முதலில் கொடுத்த பரிவர்த்தனை எண்ணில் ஒன்றுமே இல்லையே" என்று பதறினான். உள்ளடக்கம் மாறினால் பரிவர்த்தனை எண்ணும் மாறும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. புதிய எண்ணை அனுப்பிவைத்தேன்.

பிறகு ஆற அமரப் பார்த்தால், பன்னிரண்டில் ஒன்று வெறும் 900 சடோஷி. அந்த ஒரு துணுக்கை உருக்க மட்டும் 68 பைட்டு, அதாவது 2,720 சடோஷி செலவழித்திருக்கிறேன்.