தலைகீழ் ரயிலும் ஒரு குட்டும்

மலர்க்குழுத் தம்பி போன் எடுத்து, "அண்ணை, பள்ளிக்கூட ஞாபகம் ரெண்டு பக்கம் எழுதித் தாங்கோ" என்று கேட்டபோது, கன்ரீன் வடை, பிக் மட்ச், பிரம்படி எல்லாவற்றையும் மற்றவர்கள் எழுதிவிடுவார்கள் என்று விட்டுவிட்டேன். என்னிடம் மிச்சம் இருப்பது ஒரு குட்டு. 1993இல் பௌதிகவியல் சேரிடம் வாங்கியது.

அந்த வருஷம் எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சண்டைக் காலம், கரண்ட் இல்லை, ஜாம் போத்தல் விளக்கில் படிப்பு. யாழ்ப்பாணத்துக்கு ஓடிய யாழ்தேவி ரயில் 1990 ஜூனோடு நின்றுவிட்டது, தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குள் போய்விட்டன. ஆனால் பாடத்திட்டத்துக்கு அதெல்லாம் தெரியாதே, கணக்கு முழுக்க ரயில்தான். எதிரெதிராக வரும் இரண்டு ரயில்கள், பாலத்தைக் கடக்கும் ரயில், வளைவில் திரும்பும் ரயில். நான் ஒருநாளும் ரயிலில் ஏறாதவன். சேர், மதில் கட்டிக்கொண்டிருந்த மேசனிடம் தூக்குக்குண்டை இரவல் வாங்கி வந்து கையில் தொங்கவிட்டுக் கேட்டார்: "இதை ரயில் பெட்டிக்குள்ள கூரையில கட்டினால், வளைவில எந்தப் பக்கம் சாயும்?" வெளிப்பக்கம் என்று எல்லாரும் கத்தினோம். "சரி, குண்டு ரெண்டு மடங்கு பாரமெண்டால்?" நான் எழும்பி, "கூடச் சாயும் சேர்" என்றேன். அதற்குத்தான் குட்டு. பிறகு கரும்பலகையில் ஏதோ எழுதி, திணிவு இரண்டு பக்கமும் வெட்டுப்பட்டுப் போகும் என்றார். கொப்பியில் எழுதினேன், விளங்கவில்லை.

1998இல் ஜேர்மனிக்கு வந்து சேர்ந்தேன். அறை கிடைத்தது வூப்பெர்ட்டால் நகரத்தில் ஓபர்பார்மன் பக்கம், கோப்பை கழுவும் வேலை எல்பர்ஃபெல்டில். போய்வருவதற்கு ஷ்வேபெபான். தெரியாதவர்களுக்கு: அந்த ரயில் தண்டவாளத்தின் மேல் ஓடாது, தண்டவாளத்தின் கீழே தொங்கிக்கொண்டு ஓடும், அதுவும் ஆற்றுக்கு மேலே. முதல் நாள் ஏறும்போது தோணியில் கால் வைத்ததுபோல் பெட்டி இலேசாக அசைந்தது, நான் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் நின்ற கிழவி சிரித்தாள்.

ஏன் இப்படிக் கட்டினார்கள் என்பதற்கு ஊரைப் பார்த்தாலே பதில் கிடைக்கும். வூப்பர் ஆறு ஓடும் ஒடுங்கிய பள்ளத்தாக்கு, இரு கரையிலும் நெசவாலைகளும் வீடுகளும் நெருங்கிக் கிடந்த இடம். தரையில் வழியில்லை. ஆற்றுக்கு மேல் மட்டும் வெளி இருந்தது. கொலோன் நகரத்து ஒய்கன் லாங்கன் என்ற பொறியியலாளர் (சீனித் தொழிற்சாலை வைத்திருந்தவர்) தொங்கு ரயில் முறையை உருவாக்கினார், ஆனால் 1895இல் இறந்துபோனார், ஓடுவதைப் பார்க்கவில்லை. 1898இல் வேலை தொடங்கி, 1900 ஒக்ரோபரில் கைசர் இரண்டாம் வில்ஹெல்ம் ஏறிப் பார்த்து, 1901 மார்ச் 1இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். மொத்தம் 13.3 கிலோமீற்றர், 20 ஸ்ரேசன். அதில் 10 கிலோமீற்றர் ஆற்றுக்கு மேல் ஏறத்தாழ 12 மீற்றர் உயரத்தில், மிச்சம் தெருவுக்கு மேல் கொஞ்சம் தாழ்வாக.

பெட்டி எப்படி விழாமல் இருக்கிறது? எங்கள் ஊர்க் கிணற்றுக் கப்பியை நினைத்துக்கொள்ளுங்கள். கப்பியின் இரண்டு பக்கமும் விளிம்பு இருப்பதால் கயிறு நழுவாது. இங்கே சில்லுக்கு அதேமாதிரி இரண்டு விளிம்பு, கயிறு இருக்கவேண்டிய இடத்தில் ஒற்றைத் தண்டவாளம். சில்லிலிருந்து ஒரு கை தண்டவாளத்தின் ஒரு பக்கத்தால் வளைந்து இறங்கிப் பெட்டியின் கூரையைப் பிடித்திருக்கும். பாரம் முழுக்கத் தண்டவாளத்துக்குக் கீழே, ஆகவே ஒரு பக்கம் தள்ளினாலும் தானே நேராகிவிடும். அதாவது, சேரின் தூக்குக்குண்டு. குண்டுக்குள் சனம் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இது எனக்கு ஒரேயடியாக உறைக்கவில்லை. காலை வண்டியில் நெருக்கியடித்து நிற்பேன், இரவு வேலை முடிந்து வரும்போது பெட்டியில் நானும் இன்னொரு ஆளும். வளைவு ஒன்றில் ஜன்னல் விளிம்பை வெளியே நிற்கும் கட்டடச் சுவரோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பொழுதுபோக்கு. பெட்டி வெளிப்பக்கமாகச் சாயும், ஆனால் என் கையில் தொங்கிய சாப்பாட்டுப் பை ஆடாது, ஏனென்றால் பையும் பெட்டியும் ஒரே கோணத்தில் சேர்ந்தே சாய்கின்றன, பஸ்ஸில் போல ஆளை ஒரு பக்கம் தள்ளவும் இல்லை. ஒரு நாள் இரவுதான் கவனித்தேன்: வெறும் பெட்டியும் காலையில் நிரம்பிய பெட்டியும் அந்த இடத்தில் ஒரே அளவுதான் சாய்கின்றன. தலையைத் தடவிப் பார்த்தேன்.

வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டேன். சாய்வுக் கோணத்தின் தான்சன் (tan) என்பது வேகத்தின் வர்க்கத்தை, ஆரையையும் புவியீர்ப்பு ஆர்முடுகலையும் பெருக்கி வருவதால் பிரித்தது. மணிக்கு 40 கிலோமீற்றர், ஆரை 90 மீற்றர் என்று வைத்தால் 8 பாகை வருகிறது. திணிவு அதில் எங்கேயும் இல்லை. பிழையாகச் சொன்னதற்கு ஒரு குட்டு நியாயம்தான், ஆனால் சேர் கொஞ்சம் மெதுவாகக் குட்டியிருக்கலாம்.

நான் வந்த அடுத்த வருஷம், 1999 ஏப்ரல் 12 காலை, திருத்த வேலைக்காகத் தண்டவாளத்தில் பூட்டிய ஓர் இரும்புக் கொளுவி கழற்றப்படாமல் இருந்து, அன்றைய முதல் வண்டி அதில் மோதி ஆற்றில் விழுந்தது. 5 பேர் இறந்தார்கள், 47 பேருக்குக் காயம். கிட்டத்தட்ட நூறு வருஷ ஓட்டத்தில் பயணிகள் இறந்த முதல் விபத்து அது. எனக்கு வேலை பத்து மணிக்கு. திரும்ப ஓடத் தொடங்கிய பிறகும் பல நாள் பஸ்ஸில்தான் போனேன்.

யானைக் கதையையும் சொல்லாவிட்டால் அந்த ஊர்க்காரர் என்னை மன்னிக்கமாட்டார்கள். 1950 ஜூலை 21இல் சர்க்கஸ் ஒன்று விளம்பரத்துக்காக ரூஃபி என்ற குட்டி யானையை ஷ்வேபெபானில் ஏற்றியது. அது மிரண்டு, பெட்டியின் பக்கத்தை உடைத்துக்கொண்டு ஆற்றுக்குள் பாய்ந்தது. சிறு காயத்தோடு தப்பியது. யானையை யார் பஸ்ஸிலோ ரயிலிலோ ஏற்றுவான்? நாங்கள் கோயில் வீதியில் நடக்கவிட்டே பார்த்தவர்கள்.

இப்போது மகள் டோர்ட்முண்ட் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அங்கேயும் 1984இலிருந்து ஒரு தொங்கு ரயில், ஓட்டுநரே இல்லை. அதில் சில்லெல்லாம் நீண்ட இரும்புப் பெட்டி ஒன்றுக்குள் ஓடும், அந்த இரும்புப் பெட்டியின் அடியில் நீளத்துக்கும் ஒரு பிளவு, அதனூடாகக் கை இறங்கி வண்டியைப் பிடித்திருக்கும், மழையும் பனியும் ஓடுபாதையைத் தொடாது. ஜப்பானில் சிபா நகரத்தில் 15.2 கிலோமீற்றருக்கு ஓடுவதும் இந்தக் குடும்பம்தான். மகளுக்கு அதுதான் பிடித்திருக்கிறது. எனக்கு வெளியே தெரியும் கப்பிதான்.

போன மாதம் சேரோடு கதைத்தேன். எண்பதைத் தாண்டிவிட்டார், காது கொஞ்சம் மந்தம். தூக்குக்குண்டு, ஷ்வேபெபான், 8 பாகை எல்லாவற்றையும் உரத்த குரலில் சொல்லி முடித்தேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அப்ப பிரேக் பிடிக்கேக்க முன்னுக்கும் பின்னுக்கும் ஆடாதோ?" என்றார். முப்பது வருஷத்துக்குப் பிறகும் நான் எழும்பி நின்றேன், சத்தியமாக. கொடியில் காயப்போட்ட சாரத்தைச் சொன்னேன்: ஒற்றைக் கிளிப்பில் தொங்கினால் எல்லாப் பக்கமும் ஆடும், நீளத்துக்கும் நாலைந்து கிளிப் போட்டால் பக்கவாட்டில் மட்டும்தான் ஆடும், பெட்டியும் அப்படித்தான், நீளத்துக்கும் பல சில்லில் தொங்குது சேர்.

"சரி. படம் கீறி விசையெல்லாம் குறிச்சு அனுப்பு" என்றார். கீறி வைபரில் அனுப்பியிருக்கிறேன். இன்னும் திருத்தி வரவில்லை.