1.பி4: ஓரச் சிப்பாயைக் கொடுத்து நடுச் சிப்பாயை வாங்குவது

யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடச் சதுரங்கப் போட்டிகளில் எதிரே இருக்கிற பிள்ளை இத்தாலியன், லண்டன் என்ற தொடக்கங்களை மனப்பாடமாய் வைத்திருக்கும். வெள்ளையில் 1.பி4 (முதல் நகர்த்தலிலேயே பி சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவது) வைத்தால் அந்தப் பாடம் அங்கேயே நின்றுவிடும். ஆனால் ஆளை வெருட்டுவதற்கு மட்டும் இதை விளையாட வெளிக்கிட்டால், ஆறாம் நகர்த்தலில் முழிப்பது நாங்களாய்த்தான் இருப்போம்.

சொகோல்ஸ்கி, போலிஷ், உராங்குட்டான் என்று இதற்குப் பல பெயர்கள். கடைசிப் பெயர் 1924 நியூயோர்க் சுற்றுப்போட்டியில் வந்தது. சதுரங்க வீரர் தார்த்தகோவர் மிருகக்காட்சிச்சாலையில் சூசன் என்ற உராங்குட்டானைப் பார்த்துவிட்டு வந்து, மரோட்சிக்கு எதிராக இதை ஆடினார். தோற்றார். அதற்குத் தொடக்கத்தைக் குறை சொல்லத் தேவையில்லை.

கறுப்பின் இயல்பான பதில் 1...ஈ5 (எண்ணுக்குப் பின் மூன்று புள்ளி வந்தால் அது கறுப்பின் நகர்த்தல்). நாங்கள் 2.மந்திரி பி2. பி4 சிப்பாய் வெட்டுப்படப்போகிறதே என்று ஏ3 வைத்துக் காக்க வேண்டாம். கறுப்பு மந்திரியால் பி4-ஐ வெட்டட்டும்; நாங்கள் 3.மந்திரி ஈ5-ஐ வெட்டுகிறோம். ஓரச் சிப்பாய் போய் நடுச் சிப்பாய் வந்தது, கணக்கு அவ்வளவுதான். அடுத்ததாக ஜி7-ம் அதன் பின்னால் எச்8 கோட்டையும் எங்கள் குறியில் இருப்பதால் கறுப்பு 3...குதிரை எஃப்6 வைத்து மூலைவிட்டத்தை மறிக்கும்.

பலர் சறுக்குவது இங்கேதான். நடுவில் கூடுதல் சிப்பாய் இருக்கிறது என்று உடனே டி4 தள்ளக் கை நீளும். ஆனால் பி4-இல் நிற்கிற கறுப்பு மந்திரி டி2 சிப்பாயை ராஜாவோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறது. அந்தச் சிப்பாயை அசைக்கவே விதி விடாது. கறுப்புக்குக் காய்கள் கெதியாய் வெளியே வரும், கோட்டை ஈ8-க்கு வந்தால் எங்கள் மந்திரிக்கும் தொல்லை. ஆகவே வரிசை முக்கியம்: 4.குதிரை எஃப்3, 5.ஈ3, 6.மந்திரி ஈ2, 7.ராஜா பக்கம் கோட்டை கட்டுதல். கறுப்புக் குதிரை சி6-க்கு வந்து மிரட்டினால் ஈ5 மந்திரி பி2-க்குத் திரும்பும். எஃப்6 குதிரையை வெட்டி அதை வீணாக்க வேண்டாம், அந்த நீண்ட மூலைவிட்டம்தான் முழு ஆட்டத்துக்கும் எங்கள் சொத்து. ராஜா ஒதுங்கிய பிறகு சி4, பிறகு சமயம் பார்த்து டி4. பி கோட்டுப் பாதையும் எங்கள் பக்கம் திறந்து கிடக்கிறது, ஒரு கோட்டையை பி1-இல் வைக்கலாம்.

கறுப்பு பி4-ஐ வெட்டாமல் 2...குதிரை சி6 என்று ஈ5-ஐக் காக்க வந்தால் 3.பி5. குதிரை எங்கே போனாலும் ஈ5-க்குக் காவல் இல்லை. 3...குதிரை டி4 என்றால் மட்டும் அவசரப்படாமல் 4.ஈ3, குதிரை விலகியதும் மந்திரி ஈ5-ஐ எடுக்கும். 2...டி6 வைப்பவர்தான் உண்மையில் விஷயம் தெரிந்தவர், அங்கே பொறுமையாய் விளையாட வேண்டியதுதான்.

1...டி5 என்றால் 2.மந்திரி பி2, 3.ஈ3. கறுப்பு ஈ6 வைத்தவுடன் எஃப்8 மந்திரி பி4-ஐப் பார்க்கும். ஏ3-ஐ விட பி5 எனக்குப் பிடிக்கும், சி6-இல் குதிரைக்கு இடமில்லாமல் போகும்.

1...சி6 பார்க்கச் சாதுவாய் இருக்கும். 2.மந்திரி பி2 ராணி பி6 3.ஏ3 ஏ5 என்று பி4-ஐ நெருக்குவதுதான் திட்டம். பதில் 4.சி4. கறுப்பு ஏ சிப்பாயால் பி4-ஐ வெட்டினால் 5.சி5! ராணி அந்தச் சிப்பாயை எடுத்தால் 6.ஏ சிப்பாய் பி4-ஐ வெட்டும்: ராணி அடிபடுகிறது, ஏ பாதை திறந்து ஏ8 கோட்டையும் அடிபடுகிறது. ராணி பி4-ஐ எடுத்துத் தப்பினாலும் 7.கோட்டை ஏ8-ஐ வெட்டும். ராணி பி2 மந்திரியை எடுக்க, 8.கோட்டை பி8 குதிரையையும் வெட்டும். வடிவாய் யோசிக்கிற ஆள் 5...ராணி சி7 வைப்பார். அப்போது 6.ஏ சிப்பாய் பி4-ஐ வெட்டும், ஏ1-இல் கோட்டைகள் மாறும், மந்திரி அங்கே திருப்பி வெட்டும். சி5 சிப்பாய் கறுப்பின் ராணிப் பக்கத்தை நெருக்கிக்கொண்டிருக்கும்.