ஏவுகணைக்கு ஒரு பெட்டி

அக்கா பையன் பத்தாவது படிக்கிறான். பள்ளியில் அறிவியல் கண்காட்சி, அக்னி-5 ஏவுகணையின் மாதிரியைச் செய்யப்போகிறேன் என்று தெர்மாகோலும் ஃபெவிகாலுமாக வந்து கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக் கூடம் முழுக்கக் குப்பை போட்டுக்கொண்டிருந்தவன், போனைப் பார்த்துவிட்டு, "மாமா, மாக் 24ன்னா மணிக்கு எவ்ளோ கிலோமீட்டர்?" என்றான். நானும் யோசிக்காமல் 1,225ஆல் பெருக்குடா என்றேன். 29,400 வந்தது. சார்ட் பேப்பரில் சிவப்பு ஸ்கெட்ச்சில் பெரிதாக எழுதியும் விட்டான்.

ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. பூமிக்குப் பக்கத்தில் சுற்றும் செயற்கைக்கோளே மணிக்குச் சுமார் 28,000 கிலோமீட்டர்தான் போகும். ஐயாயிரம் சொச்சம் கிலோமீட்டர் தள்ளிப் போய் விழவேண்டிய பொருளுக்கு அதைவிட அதிக வேகம் எதற்கு?

தப்பு பெருக்கலில் இல்லை, மாக்கில். மாக் என்பது வேகத்துக்கான அலகே இல்லை, அந்த இடத்துக் காற்றில் ஒலி போகும் வேகத்தைப்போல எத்தனை மடங்கு என்ற கணக்கு. கடல்மட்டத்தில், 15 டிகிரியில் ஒலி வினாடிக்கு 340 மீட்டர் போகும், மணிக்குக் கணக்குப் போட்டால் அதுதான் நான் சொன்ன 1,225. 11 கிலோமீட்டர் உயரத்தில் குளிர் மைனஸ் 56 டிகிரிக்கு இறங்கிவிடுவதால் 295தான். அந்தக் கணக்கில் அதே மாக் 24, மணிக்கு 25,500 ஆகிறது. கிட்டத்தட்ட நாலாயிரம் கிலோமீட்டர் வித்தியாசம்! அதுவும் இந்த ஏவுகணை காற்றே இல்லாத உயரத்துக்குப் போய்த் திரும்புகிறது, அங்கே எந்த ஒலி, எந்த மடங்கு?

இது என்னைக் குத்தியதற்குக் காரணம் உண்டு. அவன் பார்த்தது கட்டுரைக்குப் பக்கத்தில் வரும் தகவல் பெட்டியை. தமிழ் விக்கிப்பீடியாவில் ஏவுகணைக் கட்டுரைகளுக்கு அப்படி ஒரு பொதுப் பெட்டி வைக்கலாமே என்று சில மாதங்களாக நானே ஒரு வார்ப்புருவை, அதாவது விவரத்தை நிரப்பினால் பெட்டியாகக் காட்டும் அச்சு ஒன்றை, வரைந்துகொண்டிருக்கிறேன். அதிலும் "வேகம்" என்று ஒரு வரி, பக்கத்தில் ஒரு எண் போடுகிற அளவுக்கு இடம்.

ஆங்கிலத்தில் இருப்பதை அப்படியே மொழிபெயர்த்தால் வேலை முடிந்தது என்றுதான் ஆரம்பித்தேன். அங்கே ஆயுதம் என்றால் எல்லாவற்றுக்கும் ஒரே வார்ப்புரு. துப்பாக்கி, பீரங்கி, வாள், ஏவுகணை எல்லாம் அதற்குள் அடக்கம். பாதி ராத்திரியில் "கைப்பிடி வகை", "உறை வகை" என்று தட்டிக்கொண்டிருந்தபோது, பிரம்மோசுக்கு உறை எதற்கு என்று தோன்றி நிறுத்தினேன். சொற்களிலும் ஒரு கூத்து. ஏவுகணை சுமந்துபோகும் வெடிக்கிற பகுதி வார்ஹெட், அதற்குப் போர்முனை என்று பலர் எழுதுகிறார்கள். "போர்முனை: 500 கிலோ" என்று பெட்டியில் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது, போர்முனை என்றால் ராணுவம் நிற்கிற இடமல்லவா. வெடிமுனை என்று மாற்றினேன். ரேஞ்சுக்கு வீச்சு என்பார்கள், நான் செய்தித்தாள் வழக்கப்படி "பாயும் தூரம்" என்றே வைத்துவிட்டேன், படிக்கிறவருக்கு அகராதி தேவைப்படாது.

அந்தப் பாயும் தூரம்தான் பெரிய வம்பு. பிருத்வியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வகை 1,000 கிலோ சுமந்து 150 கிலோமீட்டர் போகும், இரண்டாவது வகை 500 கிலோவோடு 250 என்றுதான் ஆரம்பத்தில் சொல்லப்பட்டது. சுமையைச் சொல்லாமல் தூரத்தை மட்டும் சொல்வது, மாட்டுவண்டி எவ்வளவு தூரம் போகும் என்று மூட்டையை எண்ணாமல் சொல்வதுபோல. பிரம்மோஸ் கதை வேறு. பல வருஷமாக 290 கிலோமீட்டர் என்று எல்லா இடத்திலும் இருந்ததே, அது எந்திரம் தீர்மானித்த எண் இல்லை. 500 கிலோ சுமையை 300 கிலோமீட்டருக்கு மேல் கொண்டுபோகும் ஏவுகணைகளை மற்ற நாடுகளுக்குக் கொடுப்பதில் 1987 முதல் ஒரு சர்வதேசக் கட்டுப்பாடு இருக்கிறது. பிரம்மோஸை இந்தியாவோடு சேர்ந்து உருவாக்கிய ரஷ்யா அதில் உறுப்பு நாடு, இந்தியா அப்போது இல்லை. அதனால் முந்நூறுக்குக் கொஞ்சம் கீழே நிறுத்தினார்கள். 2016இல் இந்தியாவும் சேர்ந்த பிறகு நானூறு, அதற்கும் மேல் என்று பேச்சு வந்தது. ஆக, எண்ணுக்குப் பக்கத்தில் சுமை, எந்த வகை, எந்த வருஷக் கணக்கு, யார் சொன்னது, இவ்வளவும் வேண்டும். இதில் ஒன்று விட்டுப்போனாலும் அந்த வரியே பெட்டியில் வராது, அப்படித்தான் இப்போது எழுதி வைத்திருக்கிறேன்.

இதற்கு நடுவில் என் புத்திசாலித்தனம் ஒன்று. தூரத்தைக் கொடுத்தால் வார்ப்புருவே ரகத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன், 5,500ஐத் தாண்டினால் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணை, 3,000 முதல் 5,500 வரை இடைத்தூரம். அக்னி-5க்கு "5,000+" என்று கொடுத்தேன், கூட்டல் குறி செரிக்காமல் சிவப்பில் பிழைச்செய்தி வந்தது. குறியை எடுத்தேன், இடைத்தூரம் என்று போட்டது. நாட்டில் எல்லா நாளிதழும் கண்டம் விட்டுக் கண்டம் என்று எழுதுகிற ஒன்றை என் பெட்டி பதவியிறக்கம் செய்கிறது! கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் என்னைத் தோரணம் கட்டியிருப்பார்கள். அந்தத் தானியங்கி வேலையையே தூக்கிவிட்டேன், ரகத்தை மனிதரே எழுதட்டும்.

நீளம்கூட நேராக வராது. அமெரிக்காவின் டோமஹாக் ஏவுகணை 5.56 மீட்டர், கிளம்பும்போது தள்ளிவிடுகிற பின்பக்க உந்துகலத்தோடு சேர்த்தால் 6.25. துல்லியம் இன்னும் மோசம். "வட்டப் பிழை 10 மீட்டர்" என்றால் பத்து மீட்டருக்குள் விழும் என்றுதான் நானே வெகுநாள் நம்பியிருந்தேன். பாதி அந்த வட்டத்துக்குள் விழும் என்பதுதான் பொருள், மிச்சப் பாதி வெளியே. அந்த வரியில் தலைப்பையே "பாதி விழும் வட்டத்தின் ஆரம்" என்று வைத்தாயிற்று. நீளமாகத்தான் இருக்கிறது, இருக்கட்டும்.

ஒரே ஒரு வரிதான் என் ஆசைக்காகச் சேர்த்தது, பெயர்ப் பொருள். பிரெஞ்சுக்காரர்களின் எக்சோசே கடலைத் தொட்டும் தொடாமலும் பறந்து போய்க் கப்பலை அடிப்பது, 1982இல் ஃபாக்லாந்து போரில் பிரிட்டனின் ஷெஃபீல்டு கப்பல் அதில்தான் போனது. அந்தச் சொல்லுக்கு பிரெஞ்சில் பறக்கும் மீன் என்று பொருள். கடலூர் முதுநகரில் மீன் வாங்குகிறவர்களுக்கு வேறு விளக்கம் வேண்டாம், நம்ம கோலா! பெட்டியில் "பெயர்ப் பொருள்: கோலா மீன்" என்று போட்டுப் பார்த்தேன், நன்றாகவே இருந்தது.

வேக வரிக்கு வருகிறேன். மாக் கொடுத்தால் உயரமும் கொடுக்கவேண்டும், இல்லையென்றால் மணிக்கு இத்தனை என்று மாற்றிக் காட்டாது. அக்னி-5க்கு இப்போதைக்கு அந்த வரியே வராது.

சார்ட்டில் 29,400 மேல் வெள்ளைத்தாள் ஒட்டினோம், சிவப்பு கொஞ்சம் தெரிகிறது. யாராவது கேட்டால் என்னடா சொல்வாய் என்றேன்.

"மாமா எழுதச் சொன்னாருன்னு சொல்வேன்."